வசனம் வந்தது, பேச்சு வரவில்லை

ஐயா, வணக்கம்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை. நாடகப் பயிற்சி பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு, ஸ்போக்கன் இங்கிலீஷை இந்த ஆண்டு நாடகம் வழியாகவே சொல்லிக்கொடுத்துப் பார்ப்போம் என்று துணிந்தேன். இருபது நிமிட நாடகம் ஒன்றை நானே எழுதினேன். ஆறு வாரம் ஒத்திகை. பள்ளி விழாவில் பிள்ளைகள் ஒரு சொல் பிசகாமல் பேசினார்கள். நல்ல கைதட்டல்.

மறுநாள் அதில் முக்கிய வேடம் கட்டிய பெண்ணிடம், நேற்று எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சிரித்தாள். "குட், மிஸ்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மேடையில் நான்கு நிமிடம் மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் சண்டை போட்டவள் அவள்.

ரோல் பிளேயும் செய்து பார்த்தேன். இரண்டு பேரை முன்னால் அழைத்து, ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி என்றேன். நாலு வரியில் முடிந்துபோனது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்சம் சூடு பிடித்தாலோ தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். சத்தம் என்று பக்கத்து வகுப்பிலிருந்து புகார். வாயே திறக்காத நாலைந்து பேரை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. நாடகத்தால் பேச்சு வரும் என்பது வெறும் நம்பிக்கைதானா? அடுத்த விழா நாடகத்தை விட்டுவிடலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய கூத்து ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் நானும் இப்படி ஓர் ஆங்கில நாடகம் போட்டேன். ரயில் நிலையத்தில் நடக்கும் நகைச்சுவை. பயணியாக நடித்த பையன், அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டிய இடத்தில் வசனத்தை மறந்து நின்றுவிட்டான். விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவன் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கணீரென்று, "சிக்ஸ் தர்ட்டி, சார்" என்றான். கேள்வியே வரவில்லை, பதில் வந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அந்த இரண்டு பையன்களும் ஆறேழு வாரம் எதிரெதிரே நின்று ஆங்கிலம் சொன்னார்கள். ஒருமுறைகூட ஒருவன் சொன்னதை மற்றவன் காதில் வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. தன் முறை எப்போது வரும் என்பது மட்டும் தெரிந்தால் போதுமே. எதிராளி என்ன சொல்லப்போகிறான் என்று தெரியாமல், அவன் சொன்ன பிறகு அதற்கேற்ப வாயைத் திறப்பதற்குத்தான் பேச்சு என்று பெயர். எழுதிக் கொடுத்த வசனத்தில் அந்தத் தெரியாமையை நாமே முன்கூட்டி எடுத்துவிடுகிறோம். உங்கள் மாணவிக்கு நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விதான் ஆறு வாரத்தில் ஒத்திகை பார்க்காத முதல் ஆங்கிலம். திகைத்ததில் வியப்பில்லை.

அதற்காக மனப்பாட வசனமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது, நாம்தான் அதை அந்த வேலைக்கு வைப்பதில்லை. ஒரு சின்ன வாக்கியம்: "ஐ டிட்ன்ட் டேக் யுவர் பென்." தமிழில் இதை எத்தனை விதமாகச் சொல்வோம் பாருங்கள். எடுத்தது நானில்லை. நான் எடுக்கவே இல்லை, பார்க்கத்தான் செய்தேன். உன்னுடையதை எடுக்கவில்லை, அவளுடையதைத்தான் எடுத்தேன். பேனாவையா எடுத்தேன், பென்சிலைத்தானே? நமக்கு 'தான்' இருக்கிறது, ஏகாரமும் ஆகாரமும் இருக்கின்றன, சொல்லை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். அழுத்தம் பெரும்பாலும் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆங்கிலத்தில் வாக்கியம் பெரும்பாலும் அப்படியே அசையாமல் நிற்கும். குரல்தான் ஏறி இறங்கி இந்த வேலையைச் செய்தாக வேண்டும். 'ஐ'யில் அழுத்தினால் ஒரு பொருள், 'யுவர்' என்பதில் அழுத்தினால் வேறு பொருள். நம் பிள்ளைகள் எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் வைத்துப் பேசுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் அச்சடித்த வாக்கியத்தைப் பார்த்து இதைக் கற்க முடியாது, அங்கே நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நடிகனுக்கு வேறு வழியே இல்லை. யார் மேல் பழி விழுகிறது, எதை மறுக்கிறேன் என்று தெரியாமல் அந்த வரியை அவனால் சொல்ல முடியாது. ஒரே வரி, நான்கு சந்தர்ப்பம், ஐந்து நிமிடம். வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். மனப்பாடத்தை இதற்கு வைத்துக்கொள்வோம்.

இனி உங்கள் டாக்டருக்கு வருகிறேன். ஏன் நாலு வரியில் முடிந்தது? நோயாளிக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாது. காய்ச்சல் என்றார், மாத்திரை கொடுத்தாயிற்று, தேங்க் யூ டாக்டர், முடிந்தது. அதே காட்சியை இரண்டு துண்டுச் சீட்டோடு செய்து பாருங்கள். நோயாளியின் சீட்டில்: "உனக்கு ஒரு நோயும் இல்லை. நாளைக்குத் தேர்வு, ஒன்றும் படிக்கவில்லை. இரண்டு நாள் விடுப்புக்கு மருத்துவச் சான்று வாங்காமல் போகக் கூடாது." டாக்டரின் சீட்டில்: "காலையிலிருந்து இப்படி மூன்று பேர் பொய் சொல்லி வந்துவிட்டார்கள். எளிதில் நம்பாதே." ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். டாக்டர் எப்போதிலிருந்து வலி, எங்கே வலி, நேற்று என்ன சாப்பிட்டாய், நேற்று பள்ளிக்கு வந்தாயே என்று குடைவார். நோயாளி ஒவ்வொரு பொய்க்கும் ஒரு வாக்கியம் கண்டுபிடிக்க வேண்டும், முன்பு சொன்ன பொய்யையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இறந்தகாலம் நிகழ்காலம் எல்லாம் தானாக வந்து மாட்டும். மொழி ஆசிரியர்கள் இதற்குத் தகவல் இடைவெளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வெறும் நாடக இலக்கணம்: இருவருக்கும் ஒரே அறையில் வெவ்வேறு தேவை. அது இல்லாவிட்டால் தமிழில் நடித்தாலும் காட்சி நாலு வரிதான்.

இதில் ஒன்று நடக்கும், அதைக் கவனியுங்கள். பாதியில் ஒரு பிள்ளை, 'தலை சுற்றுகிறது' என்பதற்குச் சொல் தெரியாமல் கையால் சுற்றிக் காட்டும். கனடாவில் வகுப்புகளைப் பிரெஞ்சு மொழியிலேயே படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985ல் முன்வைத்துப் பின்னர் விரித்த கருத்து இதுதான்: கேட்டுக் கேட்டு நன்றாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள்கூடப் பேசும்போது தடுமாறுகிறார்கள், தன்னிடம் எது இல்லை என்பது வாயைத் திறந்து சொல்ல முயலும்போதுதான் ஒருவருக்குத் தெரிகிறது. கையைச் சுற்றிக் காட்டிய பிள்ளைக்கு அந்த நிமிடம் சொல்லைக் கொடுத்தால் அது மறக்காது. முந்தின வாரம் சொற்பட்டியலில் கொடுத்திருந்தால் பட்டியலோடு போயிருக்கும்.

எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள் என்றீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். நாற்பது பேர், இரண்டிரண்டு பேராக முன்னால் வந்து ஐந்து நிமிடம் பேசினால் நூறு நிமிடம் ஆகும். அதில் ஒவ்வொருவரும் தொண்ணூற்றைந்து நிமிடம் சும்மா இருப்பார்கள். இருபது ஜோடியும் ஒரே நேரத்தில் அவரவர் இடத்திலேயே பேசினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற தைரியமும் கிடைக்கும். சத்தம் வரும், சரி. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே நேரத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள். முடிந்தால் மரத்தடிக்குப் போய்விடுங்கள். நாற்பது பேர் பேசும் வகுப்பில் சத்தம் இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

எப்போதாவது ஒரு ஜோடியை முன்னால் நிறுத்தினால் பார்ப்பவர்களுக்கும் வேலை கொடுங்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் அரங்கில் செய்த வழி இருக்கிறது. பார்வையாளர் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து, நடிப்பவரின் இடத்தை எடுத்துக்கொண்டு காட்சியை வேறு பக்கம் திருப்பலாம். அவர் சமூக ஒடுக்குமுறையைப் பேச அதை வைத்தார். டாக்டரிடம் மாட்டிக்கொண்ட பொய்யனைக் காப்பாற்றவும் அது நன்றாகவே உதவும்.

தமிழுக்குத் தாவுவதைப் பற்றி நான் உங்கள் அளவுக்குக் கவலைப்படவில்லை. காட்சியைத் தமிழில் திட்டமிடட்டும், சீட்டும் தமிழிலேயே இருக்கட்டும், நடக்கும்போது மட்டும் ஆங்கிலம். தடுக்கி விழும்போது பிடித்துக்கொள்ள, "இன்னொரு தடவை சொல்லுங்கள்", "நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை", "அதாவது நான் சொல்ல வந்தது..." என்பது போன்ற நாலைந்து கைப்பிடி வாக்கியங்களை ஆங்கிலத்தில் பலகையில் எழுதி வைத்துவிடுங்கள். எனக்குப் பிடித்த இன்னொரு வழி, தமிழையே காட்சிக்குள் கொண்டுவருவது. ஒருவருக்குத் தமிழ் மட்டும் தெரியும், ஒருவருக்கு ஆங்கிலம் மட்டும், நடுவில் மொழிபெயர்ப்பாளர். இரண்டு பக்கமும் கோபமாக இருக்க வேண்டும். நடுவில் இருப்பவர் திட்டுகளை எவ்வளவு நாகரிகமாக மாற்றிச் சொல்கிறார் என்பதைக் கேட்க நன்றாக இருக்கும். வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்த வேடம் என்று ஆக்கிவிடாதீர்கள்.

வாயே திறக்காதவர்கள். இதுதான் உங்கள் கடிதத்தில் கடினமான கேள்வி. வேடம் என்பது மறைந்துகொள்ளவும் ஓர் இடம். தப்பாகப் பேசினால் அது நான் பேசியதாகாது, அந்த டாக்டர் பேசியது. பல்கேரியக் கல்வியாளர் லோசனோவ் தன் மொழி வகுப்புகளில் மாணவர்களுக்குக் கற்கும் மொழியிலேயே புதுப் பெயரும் புதுத் தொழிலும் கொடுத்ததற்குப் பின்னாலும் இந்த எண்ணம்தான். அமெரிக்காவில் குயோரா என்பவரும் கூட்டாளிகளும் 1972ல் ஒரு விசித்திரமான ஆய்வை வெளியிட்டார்கள். கொஞ்சமாக மது கொடுக்கப்பட்டவர்கள், தமக்குத் தெரியாத தாய்லாந்து மொழியைக் கூடுதல் சுத்தமாக உச்சரித்தார்களாம். அளவு கூடியதும் அந்தப் பலன் இல்லை. கூச்சம் தளர்ந்தால் நாக்கும் தளரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பில் நமக்கு வேடம் போதும்.

ஆனால் வேடம் கொடுத்துவிட்டால் கூச்சம் போய்விடும் என்று நம்பி ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி நான் அழ வைத்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: முதலில் பேச்சு குறைவாகவும் கைவேலை நிறையவும் உள்ள பாத்திரத்தைக் கொடுங்கள். பெட்டியைத் திறந்து சோதிக்கும் சுங்க அதிகாரி. "ஓப்பன் இட்", "வாட்ஸ் திஸ்?" இரண்டு வாக்கியம் போதும், அதிகாரமும் அவள் கையில். சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு நாடக விளையாட்டுகளை வளர்த்தெடுத்த வயோலா ஸ்போலின் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தார். நடிப்பவரின் கவனத்தைச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தில் கட்டிப்போட்டுவிட்டால், தன்னைப் பற்றி நினைக்க அவருக்கு நேரம் இருக்காது. அதன் பிறகும் மாட்டேன் என்கிற பிள்ளை பார்க்கட்டும், குறிப்பெடுக்கட்டும். பிள்ளையின் சொந்த வாழ்க்கையில் வலிக்கிற எதையும் சீட்டில் எழுத வேண்டாம். நடிப்புக்கு மதிப்பெண்ணும் வேண்டாம்.

நீங்களும் ஒரு வேடம் போட வேண்டும், அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. டோரதி ஹீத்கோட் என்ற ஆங்கிலேய அம்மையார் இதற்குப் பெயர் போனவர். பதினான்கு வயதில் கம்பளி ஆலையில் தறி ஓட்டப் போனவர், பின்னாளில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கே நாடகம் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியர் வெளியே நின்று ஏவாமல், கதைக்குள் ஒரு பாத்திரமாக நுழைந்துவிட வேண்டும் என்பது அவர் முறை. நீங்கள் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் வந்து, நான் புதிதாக வந்த அதிகாரி, இந்தக் கட்டடத்தை நாளைக்கு இடிக்க உத்தரவு வந்திருக்கிறது, எனக்கு இந்த இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, யாராவது சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். பையைக் கழற்றினால் மறுபடி நீங்கள் மிஸ். பதில் தெரிந்துகொண்டே கேள்வி கேட்பவர் மிஸ். இந்த அதிகாரிக்கு நிஜமாகவே பதில் வேண்டும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். மூன்று நொடி காத்திருந்தால் பதில் நீள்கிறது என்பதும் அவர் கண்டதுதான். மூன்று நொடி மௌனம் முன்னால் நிற்பவருக்கு எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால் தெரியும்.

திருத்தம்: நடுவில் குறுக்கிடாதீர்கள். சுற்றி நடந்து காதில் விழுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நாலே நாலு வாக்கியம், யாருடையது என்று சொல்லாமல், பலகையில். எல்லாரும் சேர்ந்து சரிசெய்த பிறகு ஜோடியை மாற்றி அதே காட்சியை மறுபடி நடத்துங்கள். இந்த இரண்டாவது தடவையைத்தான் நாம் எல்லாரும் மணி அடித்துவிட்டது என்று விட்டுவிடுகிறோம். பேச்சு சரளமாவது அங்கேதான். முதல் தடவை என்ன சொல்வது என்று தேடியே மூச்சு போய்விடும். இரண்டாவது தடவைதான் எப்படிச் சொல்வது என்று கவனிக்க மனதில் இடம் கிடைக்கும். வகுப்பு நாற்பத்தைந்து நிமிடம் என்றால் சீட்டும் தயாரிப்பும் பத்து, முதல் தடவை ஐந்து, பலகை பத்து, மறுபடி ஐந்து. மிச்சம் பிள்ளைகளின் சிரிப்புக்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் சரியாகிவிடும்.

விழா நாடகத்தை விட வேண்டாம். பெற்றோருக்கு அது வேண்டும், பிள்ளைகளுக்கும் வேண்டும். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எழுதிய வசனத்தை இரண்டு நிமிடம் முன்னதாக முடித்துவிட்டு, கடைசிக் காட்சியில் ஒரு கதவு தட்டப்படட்டும். யார் வருவார், என்ன கேட்பார் என்று மேடையில் இருப்பவர்களுக்குச் சொல்லாதீர்கள். இப்போதிலிருந்து வகுப்பில் வாரம் ஒரு கதவு தட்டிப் பழக்குங்கள். விழா அன்று கதவைத் தட்டப்போவது யார் என்பதை, முடிந்தால், அந்த "குட், மிஸ்" பெண்ணிடம் விட்டுவிடுங்கள்.

அன்புடன்.