காது கேட்காதவர்களுக்கு வீட்டில் நாய் உண்மையிலேயே உதவுமா? நம்ம ஊர் நாயைப் பழக்க முடியுமா?

உதவும். ஆனால் குரைக்கிற நாயால் பிரயோஜனம் இல்லை. காது கேட்காதவருக்கு அது குரைத்தால் என்ன, சும்மா கிடந்தால் என்ன? தொட்டுக் கூப்பிடுகிற நாய் வேண்டும்.

எங்கள் வீடு முக்கூடலில். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியதும் காது மந்தமானது. வயதாகும்போது பெரும்பாலும் கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகும். தெருவில் போகிற லாரி கேட்கும், கோயில் கொடை மேளம் கேட்கும். குக்கர் விசில் கேட்காது. இது தெரியாமல், "வேணுங்கும்போது மட்டும் காது கேக்குது பாரு" என்று நாங்களே பேசியிருக்கிறோம். மடியில் சுளகை வைத்துக் குனிந்து பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டால் வாசலில் யார் வந்தாலும் தெரியாது.

பிரிட்டனில் இதற்கென்றே நாய் பழக்கும் அமைப்பு 1982 முதல் இருக்கிறது. அந்த நாய்கள் மெரூன் கலர் கோட்டு போட்டிருக்கும். மணி அடித்தால் மூக்காலோ காலாலோ ஆளைத் தொடும், "என்ன?" என்றால் சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிப் போகும். தீ அலாரம் அடித்தால் மட்டும் அப்படியில்லை, தொட்டுவிட்டு அங்கேயே தரையில் படுத்துவிடும். நெருப்பு இருக்கிற பக்கமே ஆளைக் கூட்டிப் போகக் கூடாதே! நான் அசந்துபோனது இதில்தான்.

எங்களிடம் இருந்தது தெருவிலிருந்து எடுத்து வளர்த்த செவலை. முதலில் வாசல் மணி மட்டும். பக்கத்து வீட்டுப் பையன் மணியை அமுக்குவான். செவலை அம்மாவைத் தொட்டால் ஒரு துண்டு கருவாடு, குரைத்தால் ஒன்றும் கிடையாது. முதல் வாரமே இரண்டு முன்னங்காலையும் தூக்கி மடியில் போட்டுச் சுளகைக் கவிழ்த்துவிட்டது. "ஏட்டி, இன்னைக்குக் கூலி போச்சே!" என்று அம்மா தலையில் கை வைத்தாள். புகையிலைத் தூள் நாய்க்கு விஷம் வேறு. அவசர அவசரமாகப் பெருக்கினோம். அன்றிலிருந்து முழங்கையை மூக்கால் முட்டினால்தான் தீனி. உப்பு ஆகாது என்று கால்நடை டாக்டர் சொன்னதால் கருவாடு போய் அவித்த ஈரல் வந்தது.

மணி பழக ஒன்றரை மாதம் ஆனது, அப்புறம் குக்கருக்கு இரண்டு மாதம். மூன்றாவது விசிலுக்கு மட்டும் வா என்று நாய்க்குச் சொல்லித்தர முடியுமா? ஒவ்வொரு விசிலுக்கும் வந்து முட்டும். மூன்றாவது முட்டுக்கு அம்மா எழுந்து போய் அடுப்பை அணைப்பாள். சில நாள் ஈரல் ஆசையில் மணி அடிக்காமலே முட்டி வாசலுக்குக் கூட்டிப் போகும். அங்கே ஒரு ஈ காக்கா இருக்காது.

ராஜபாளையம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் வருவதுண்டு. வாங்குவதானால் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கு வளர்த்த ஜாதி, வீட்டுக்குள் உட்கார்ந்து குக்கருக்குக் காது கொடுக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். எதுவானாலும் வெறிநாய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாய்க்கு முன்னால் காது டாக்டரைப் பாருங்கள். நாங்கள் அதைத் தாமதமாகத்தான் செய்தோம். பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளியில் படித்த ஓர் அண்ணன், மணி ஒயரிலேயே ஒரு பல்பும் மாட்டச் சொன்னார். செலவு குறைவு, உடனே மாட்டினோம். இப்போது பல்பைப் பார்த்து அம்மா பாதி எழுந்த பிறகும் செவலை ஓடிவந்து முழங்கையை முட்டிவிட்டு, ஈரல் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.