காலியமா, வுட் உலோகமா? அலுமினியத்தை நொறுங்க வைக்கும் சோதனை

கேள்வி: பாலிடெக்னிக்கில் உலோகவியல் கற்பிக்கிறேன். எளிதில் உருகும் கலப்புலோகங்கள் அலுமினியத்தை வலுவிழக்கச் செய்வதைக் காட்டுவதற்காக, வுட் உலோகத்தை வெந்நீரில் உருக்கி அலுமினியத் தகட்டில் ஊற்றினேன். தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலியம்தான் வேண்டுமா? எப்படிச் செய்வது?

பதில்: காலியம்தான் வேண்டும். உருகுநிலை குறைவாக இருந்தால் மட்டும் போதாது. உருகிய உலோகம் அலுமினியத்தின் வெற்றுப் பரப்பில் ஒட்டிப் படர்ந்து, உள்ளேயுள்ள படிக மணிகளின் (உலோகம் ஆகியிருக்கும் நுண்ணிய படிகத் துணுக்குகளின்) எல்லைகளுக்குள் புகவும் வேண்டும். காற்றுப்பட்ட அலுமினியத்தைச் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் எப்போதும் மூடியிருக்கிறது. பாதியளவு பிஸ்மத்தும், மீதி ஈயம், வெள்ளீயம், காட்மியமும் கொண்ட வுட் உலோகம் சுமார் 70 டிகிரி செல்சியஸில் உருகினாலும், அந்தப் படலத்தின் மேல் முத்தாக உருண்டு நின்று, ஆறியதும் உரிந்து வந்துவிடும். ஈயமும் காட்மியமும் நச்சு என்பதால், மாணவர்கள் புழங்கும் மேசையில் அதை வைப்பதையே நான் விரும்பமாட்டேன்.

காலியம் 29.76 டிகிரியில் உருகுவதால் உள்ளங்கைச் சூடே போதும். முக்கால் பங்கு காலியமும் கால் பங்கு இண்டியமும் சேர்ந்த கலவை சுமார் 16 டிகிரியிலேயே திரவமாகிவிடும். ஆக்சைடு படலத்தில் ஒரு கீறல் கிடைத்ததும் காலியம் மணி எல்லைகள் வழியே ஊடுருவுகிறது. செங்கற்கள் அப்படியே இருக்க, இடையிலுள்ள சாந்து மட்டும் கரைந்துபோன சுவரை எண்ணிக்கொள்ளுங்கள்: எடையும் உருவமும் ஏறக்குறைய மாறாமலேயே வலு போய்விடுகிறது.

ஒரே தகட்டிலிருந்து மூன்று பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் பட்டையை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு காலியம் வைத்து, அந்தச் சொட்டுக்கு அடியிலேயே எஃகு ஊசியால் கீறுங்கள். வெளியில் கீறிவிட்டுப் பிறகு சொட்டு வைத்தால் அதற்குள் படலம் மீண்டும் வளர்ந்துவிடும்; பலரும் தவறுவது இங்கேதான். இரண்டாவது பட்டையில் கீறாமல் சொட்டு மட்டும் வையுங்கள். மூன்றாவதைக் காலியமே இல்லாமல் தேய்த்துக் கீறி வையுங்கள். குளிர்பானம் அடைத்து வரும் அலுமினியக் கேனைப் பயன்படுத்தினால், வெளியிலுள்ள வண்ணப்பூச்சைச் சுரண்டியாக வேண்டும். அறை குளிர்ந்திருந்தால் பட்டைகளை 40 டிகிரி அளவில் வைத்து, சில மணி நேரம் கழித்துக் கண்ணாடி அணிந்துகொண்டு குறடால் வளையுங்கள். மூன்றாவது பட்டை மடங்கும். முதலாவது பிஸ்கட்டைப் போல ஒடியும். உடைந்த முகத்தில் இழுபட்ட அடையாளம் இன்றிச் சாம்பல் நிறச் சொரசொரப்பு தெரிவதை உருப்பெருக்கியில் காட்டுங்கள். எனக்கு இச்சோதனையில் மிகவும் பிடித்த பகுதி அதுவே.

பாதரசமும் இதே சேதத்தைச் செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மூம்பா எரிவாயு ஆலையை எடுத்துக்காட்டலாம்: 2004 ஜனவரி 1 அன்று அங்கு நேர்ந்த வெடிப்புக்கு, இயற்கை வாயுவில் இருந்த பாதரசம் அலுமினிய வெப்பமாற்றியின் குழாய்வாயை நொறுங்கச் செய்ததே காரணம். ஆனால் வகுப்பில் பாதரசத்தைத் தொடவே வேண்டாம்.

மோதிரம், கைக்கடிகாரம், மடிக்கணினி ஆகியவற்றை மேசையிலிருந்து அகற்றிவிட்டு, கையுறை அணிந்து, பிளாஸ்டிக் தட்டில் வேலை செய்யுங்கள். காலியம் ஊறிய அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால், உடைந்த துண்டுகளை ஈரத்தோடு மூடிய புட்டியில் போடக் கூடாது. காற்றோட்டமுள்ள, தீ அருகில் இல்லாத இடத்தில், திறந்த பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கிடக்க விடுங்கள். அலுமினியம் வெண்ணிறச் சேறாக மாறி, காலியம் அடியில் துளிகளாகத் தேங்கும். அதைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம். உறையும்போது காலியம் சுமார் 3 விழுக்காடு விரிந்து கண்ணாடியை உடைத்துவிடும். ஆகவே அதைப் பிளாஸ்டிக் குப்பியிலேயே சேமியுங்கள்.