பாம்பு எண்ணப் போனவரின் படம்

அன்புள்ள ஐயா,
நான் நியூயார்க் மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வசந்தத்தில் காட்டு ராட்டில்ஸ்னேக் என்கிற கிலுகிலுப்பைப் பாம்புகளை எண்ணும் குழுவோடு தன்னார்வலராகப் போனேன். நாள் முழுக்கப் பாறை ஏறியும் கண்ணில் பட்டது இரண்டே பாம்பு. கிட்டே போக விடவில்லை, இடத்தை வெளியே சொல்லவும் கூடாதாம். படம் இணைத்திருக்கிறேன். இதனால் யாருக்கு என்ன பயன்? செப்டம்பரில் மறுபடி கூப்பிடுகிறார்கள், வீட்டில் திட்டுகிறார்கள். போகலாமா?
– கே.

தம்பி,

வீட்டுச் சண்டையை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு என்று அலுத்துக்கொள்ளவும் வேண்டாம், ஒன்றுமே காணவில்லை என்றாலும் அதுவும் கணக்குதான்.

எனக்குச் சுருக்கென்றது அந்தப் படம். பாம்பு அழகுதான், மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை, வால் நுனியில் கிலுகிலுப்பை. ஆனால் பின்னால் மலை முகடும் கீழே ஏரியின் வளைவும் பளிச்சென்று தெரிகிறதே! அங்கே நாலு தடவை ஏறி இறங்கியவன் பார்த்த மாத்திரத்தில் இடத்தைச் சொல்லிவிடுவான். போதாததற்கு, போனில் லொகேஷன் போட்டிருந்தால் அதுவும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். சொல்லக் கூடாது என்றார்கள் என்று எழுதிவிட்டு, அதே கடிதத்தில் அதையே அனுப்புகிறீர்கள். இன்னும் எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டீர்களோ. நான் அழித்துவிட்டேன், நீங்களும் அழியுங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு மருதமரப் பொந்தில் கிளி குஞ்சு பொரித்திருந்தது. என்னோடு படித்த பையன் ஒருவன் பார்க்கிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினான். நல்ல பையன், கிளியைத் தொடக்கூட இல்லை. அடுத்த வாரச் சந்தையில் அந்தக் குஞ்சுகள் கூண்டுக்குள் இருந்தன, இறகு முளைக்காத கழுத்தை நீட்டி, ஆள் நிழல் பட்டாலே வாயைத் திறந்துகொண்டு.

நீங்கள் பார்த்த பாம்பின் கதை அதைவிட மோசம். அதைக் கொன்று காட்டினால் பணம் கொடுக்கும் வழக்கம் உங்கள் மாநிலத்தில் 1971 வரை இருந்தது, 1983-ல்தான் சட்டப் பாதுகாப்பு வந்தது. குளிர்காலம் வந்தால் கூட்டமாக ஒரே பாறைப் பிளவுக்குள் இறங்கிவிடும், பெரிய பாம்புகளின் வாசனை பிடித்துக் குட்டிகளும் அங்கேயே வந்து சேரும். தலைமுறை தலைமுறையாக அதே பிளவுதான், வேறு இடம் தேடிப் போகத் தெரியாது. ஆக, அந்த வாசல் ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால் சாக்கோடு வந்து நின்றால் போதும், மொத்தக் குடும்பத்தையும் அள்ளிக்கொண்டு போகலாம். பெண் பாம்பு முதல் ஈற்றுக்கு வரவே 7 முதல் 10 வருடம் ஆகும், அப்புறம் 3, 4 வருடத்துக்கு ஒருமுறைதான். போனது போனதுதான். அமெரிக்காவிலேயே மெயின், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் இப்போது இந்தப் பாம்பே கிடையாது. இதையெல்லாம் தெரிந்தவர்கள் உங்கள் வாயைக் கட்டினால் கோபம் வருகிறதாக்கும்!

செப்டம்பரா? தாராளமாகப் போங்கள். முட்டையிடாமல் குட்டியாகவே ஈனுகிற பாம்பு இது, அந்தச் சமயத்தில் புதுக் குட்டிகள் இருக்கும், முதல் சட்டை உரிக்கும்வரை தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும். கணுக்காலை மூடும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். போனை அவசரத்துக்கு மட்டும் பைக்குள் வையுங்கள். எத்தனை பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், எங்கே என்று மட்டும் வேண்டாம்.