குதிரைக் காப்பக நிதி திரட்டல்: உங்கள் கேள்விகளும் டாக்டரின் பதில்களும்

செங்கல்பட்டுக்கு அருகே, கடற்கரைச் சவாரியிலும் கல்யாண சாரட்டிலும் உழைத்துக் கைவிடப்பட்ட குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது. அதற்காகப் பெசன்ட் நகர்க் குடியிருப்போர் வரும் ஞாயிறன்று உணவு விழா நடத்துகிறோம். நெடுங்காலம் குதிரை வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவரான எங்கள் உறுப்பினர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறார்.

அடையாறு வாசகர்: புல் தின்னும் பிராணிக்கு அப்படி என்ன செலவு, டாக்டர்?

அந்தப் புல்தான் செலவு. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு உடல் எடையில் 2 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 7 கிலோ உலர் தீவனம் வேண்டும். பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எனவே புல்லாகவே கொடுத்தால் 35 கிலோ. கோடையில் அவ்வளவு புல்லுக்கு எங்கே போவது? வைக்கோலை மட்டும் போட்டு ஒப்பேற்றினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது குளம்பு. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை சீவாவிட்டால் நடையே கோணிப்போகும். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும்; அதையும் அரத்தால் தேய்த்துவிட வேண்டும். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி தவறவே கூடாது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 வயதைத் தாண்டியும் இருக்கும். பத்து வயதில் காப்பகத்துக்கு வரும் குதிரைக்கு இன்னும் பதினைந்து ஆண்டுத் தீவனத்தை யார் கொடுப்பது? மீட்டு வரும் நாளில் படம் எடுக்கவும் பணம் கொடுக்கவும் பலர் வருகிறார்கள். அடுத்த ஆண்டு ஆடி மாதம் புல் வண்டிக்குப் பணம் கேட்டால் ஆள் இல்லை. ஆகவே, ஒரே தடவையில் 5,000 ரூபாய் கொடுப்பவரைவிட மாதம் 300 ரூபாய் தவறாமல் கொடுப்பவரே எங்களுக்கு வேண்டும்.

மந்தைவெளி வாசகி: குழந்தைகள் கையால் ரொட்டி கொடுக்கலாமா?

கூடாது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாததைத் தின்றால் வயிற்று வலியில் புரண்டு புரண்டு செத்தும் போகலாம். ரொட்டி வேண்டாம்.

திருவல்லிக்கேணி வாசகர்: மெரினா குதிரைகளுக்கு அதிகம் வரும் நோய் எது?

நல்ல கேள்வி. மணல்மேல் தீவனத்தைக் கொட்டினால் ஒவ்வொரு வாயோடும் மணலும் உள்ளே போகும். அது பெருங்குடலில் படிந்து வயிற்று வலியை உண்டாக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தரையில் படாத சாணத்தில் இரண்டு கைப்பிடி எடுத்து வாளித் தண்ணீரில் கரையுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலாக வடித்துவிட்டு அடியில் விரலை வைத்தால் நறநறவென்று மணல் தட்டுப்படும். தட்டுப்படாவிட்டாலும் வயிற்றில் மணல் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. தீவனத்தைத் தொட்டியில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

அண்ணா நகர் வாசகர்: வருமான வரிச் சலுகை உண்டா?

நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி அனுமதி காப்பகத்துக்கு இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், யார் கேட்டாலும்.

திருவான்மியூர் வாசகர்: குதிரைக்காரரிடம் காசு கொடுத்து வாங்குவது மீட்பா? அந்தக் காசில் அவர் வேறொரு குதிரையை வாங்கிவிடுவாரே!

ராயபுரம் வாசகர் (இதற்கு மறுமொழி): தலைமுறையாக இதையே நம்பியிருக்கும் குடும்பங்கள் அவை. வெறுங்கையோடு குதிரையைக் கொடு என்றால் அடுப்பு எப்படி எரியும்?

இருவருக்கும் ஆதரவாக நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விலை கொடுக்கக் கூடாது. நொண்டிக் குதிரைக்கு விலை உண்டு என்று தெரிந்துவிட்டால், நொண்டியாகாமல் காப்பதில் எவருக்கு அக்கறை இருக்கும்? எழுதி வாங்கிக்கொண்டுதான் காப்பகம் குதிரையை ஏற்கிறது.

ஆனால் ராயபுரத்துக்காரர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. புண்ணோடும் நோயோடும் உள்ள விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இதை வைத்துக்கொண்டு யாரை மிரட்டுவது? இன்னும் சவாரியில் இருக்கும் குதிரைகளுக்கு இலவசமாகக் குளம்பு சீவி, ஊசி போட்டு, சேணம் உரசும் இடத்துக்கு மருந்து கொடுத்தால் குதிரைக்காரர் தாமாகவே நம்மிடம் வருவார். குதிரை விழுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். ஞாயிறு வசூலில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று குழுவில் கேட்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

சிங்கப்பூர் வாசகி: நான் அனுப்பலாமா?

இந்தியக் குடியுரிமை இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு காப்பகத்துக்கு இல்லை.

வேளச்சேரி வாசகர்: எங்கள் நாய் பின்னங்காலை இழுக்கிறது...

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள்.

தாம்பரம் வாசகர்: சாலையில் குதிரை விழுந்து கிடந்தால்?

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கால்களுக்கு எட்டாமல் முதுகுப் பக்கம் நில்லுங்கள். வண்டியில் பூட்டியிருந்தால் வாரை அவிழுங்கள் அல்லது அறுத்துவிடுங்கள். நிழல் கொடுத்துக் கூட்டத்தை விலக்கிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: பன் கொடுக்கலாமா?

மந்தைவெளிக்குச் சொன்னதுதான். பன்னும் ரொட்டிதான்.

கோட்டூர்புரம் வாசகர்: விழாவில் மிஞ்சும் பொங்கலையும் சாம்பார் சாதத்தையும் காப்பகத்துக்கு அனுப்பினால் வீணாகாதே?

வேண்டாம். மாவுச்சத்து அளவுக்கு மிஞ்சினால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரையால் நிற்கவே முடியாமல் போகும். மிஞ்சுவதை மனிதர்களுக்குக் கொடுங்கள். குதிரைக்கு ஏதாவது தர வேண்டும் என்றால் நுழைவாயிலுக்கு இடப்புறம் முதல் மேசையில் மாதச் சந்தாப் படிவம் இருக்கிறது. மதியம் இரண்டு மணி வரை நான் அங்கேதான் இருப்பேன்.