எல்லா மில்லிலும் இப்படித்தான்

வணக்கம் ஐயா,

லர்னட் ஹேண்ட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அமெரிக்காவில் 52 வருடம் நீதிபதியாக இருந்தும் உச்ச நீதிமன்றத்துக்குப் போகாமலே இறந்தவர். எனக்கு அது தோற்றுப்போன வாழ்க்கையாகத்தான் தெரிகிறது. நானும் வழக்கறிஞர்தான். பதவி வராத திறமையால் என்ன பயன்?

க., மதுரை

அன்புள்ள க.,

‘தோற்றுப்போன’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! கோபம்தான் வந்தது. 1909-இல் மாவட்ட நீதிபதி. 1924 முதல் நியூயார்க்கில் இரண்டாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதாவது உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே. 1951-இல் முழுநேரப் பொறுப்பிலிருந்து இறங்கிய பிறகும் வழக்கு கேட்பதை விடவில்லை. மேலே ஏன் போகவில்லை என்றால், அரசியல் உண்டு, வயது உண்டு. அதை விடுங்கள். சில வாரங்களாக அவருடைய ஒரு தீர்ப்புதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1928 மார்ச். வர்ஜீனியாவிலிருந்து நிலக்கரிப் படகுகளை இழுத்துப் போன இரண்டு இழுவைக் கப்பல்கள் நியூ ஜெர்சி கரையோரம் புயலில் மாட்டின. இரண்டு படகுகள் மூழ்கின. புயல் வரப்போவதை ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அதே வழியில் வந்த வேறு சில கப்பல்கள் கேட்டுவிட்டு டெலாவேரில் ஒதுங்கிக்கொண்டன. மாட்டிக்கொண்ட இரண்டு இழுவைக் கப்பல்களிலும் ஓடுகிற ரேடியோ இல்லை. ரேடியோ வைப்பது இந்தத் தொழிலில் வழக்கமில்லை என்றார்கள் கப்பல்காரர்கள். ஒரு தொழிலே மொத்தமாகப் பின்தங்கிக் கிடக்கலாம், அதனால் பொறுப்பு போய்விடாது என்று 1932-இல் ஹேண்ட் எழுதினார்.

என் பெரியப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்தான். ஸ்பின்னிங் மில்லில் பல்சக்கரத்துக்கு மூடி கிடையாது. கேட்கப் போனபோது மேஸ்திரி சொன்னது: “எல்லா மில்லுலயும் இப்படித்தான்யா ஓடுது.” பெரியப்பாவும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். ரசம் சோறு அவர் விரலிடுக்கில் வழியும். பெரியம்மா பார்க்காதவர் போலத் தட்டருகே ஒரு கரண்டியை வைப்பார். பெரியப்பா கடைசிவரை அதைத் தொடவில்லை. மூடி போட என்ன செலவாகியிருக்கும்? ஒரு தகரம், நாலு போல்ட். அது யாரும் செய்யாத வேலை என்பதால் செய்ய வேண்டாத வேலையாகிவிட்டது. மேஸ்திரியின் அந்த ஒரு வாக்கியத்தை நியூயார்க்கில் ஒருவர் எப்போதோ உடைத்துப் போட்டிருக்கிறார் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீங்கள் எப்போதாவது கோர்ட்டில் நின்று “இதுதான் நடைமுறை” என்று வாதாடியிருக்கிறீர்களா தம்பி? பதவியைப் பற்றி அப்புறம் பேசலாம். இதற்கு முதலில் பதில் எழுதுங்கள்.