விண்டோஸ் 11-க்கு மாறிய பின் முரண்டு பிடிக்கும் பிரிண்டர்கள்: வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பிரிண்டர் பற்றியவையே மிகுதி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, தனித்தன்மை உடையவற்றுக்கு மட்டும் இங்கே விடை தரப்படுகிறது.

கேள்வி: கணினியை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மேம்படுத்திய பிறகு, பல ஆண்டுகளாக உழைத்துவந்த என் லேசர் பிரிண்டர் அச்சிட மறுக்கிறது. பிரிண்டர் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிகிறது. ஒன்றின் அருகில் 'காப்பி 1' என்று இருக்கிறது. அச்சிடக் கொடுத்தால் வரிசையில் போய் நிற்கிறதே தவிர, தாள் நகர்வதில்லை. பிரிண்டருடன் வந்த குறுந்தகட்டைத் திரும்பத் திரும்பப் போட்டும் பயனில்லை. திருமண அழைப்பிதழ் வேலைகள் தேங்கிக் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?
— டி.டி.பி. மைய உரிமையாளர், மன்னார்குடி

பதில்: முதலில் குறுந்தகட்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் இருப்பது பிரிண்டர் தயாரான காலத்து டிரைவர் (பிரிண்டரைக் கணினியுடன் பேசவைக்கும் மென்பொருள்). அதை மறுபடி மறுபடி நிறுவுவதால் பழைய கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதே மிச்சம்.

உங்கள் கடிதத்தில் உள்ள 'காப்பி 1' என்ற குறிப்பே நோயின் இடத்தைக் காட்டிவிடுகிறது. யு.எஸ்.பி. பிரிண்டர் ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ், யு.எஸ்.பி.001, யு.எஸ்.பி.002 என்று ஒரு கற்பனைப் போர்ட்டை (இணைப்பு வாசலை) ஒதுக்குகிறது. தமக்கென ஒரு வரிசை எண்ணைக் கணினிக்குத் தெரிவிக்காத பிரிண்டர்களைக் கணினியின் வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகினால், விண்டோஸ் அவற்றைப் புதிய கருவியாகவே எண்ணி, இன்னொரு போர்ட்டையும் இன்னொரு பிரிண்டர் பெயரையும் உருவாக்கிவிடும். மேம்படுத்தலின்போது கருவிகள் மீண்டும் அடையாளம் காணப்படுவதால் அப்போதும் இது நேர்வதுண்டு. பிரிண்டர் 002-இல் இருக்க, நீங்கள் கொடுக்கும் வேலை 001-இல் போய்க் காத்துக் கிடக்கும்.

ஆகவே டிரைவரைத் தொடுவதற்கு முன் இதைச் சோதியுங்கள். செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதிக்குச் சென்று, பிரிண்டரைத் தேர்ந்து, 'பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' தாவலில் எந்தப் போர்ட்டில் குறியிடப்பட்டுள்ளது என்று பாருங்கள். வேறொரு யு.எஸ்.பி. போர்ட் பட்டியலில் இருந்தால் குறியை அதற்கு மாற்றி, ஒரு சோதனைப் பக்கம் அச்சிடுங்கள். பலருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யு.எஸ்.பி. பட்டியலில் 'யு.எஸ்.பி. பிரிண்டிங் சப்போர்ட்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டரை அணைத்து மீண்டும் இயக்கும்போது அந்த வரி மறைந்து தோன்ற வேண்டும். அதற்குப் பதிலாக 'அன்நோன் யு.எஸ்.பி. டிவைஸ்' என்று வந்தால் டிரைவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கேபிளை மாற்றுங்கள், இடையில் ஹப் இருந்தால் நீக்குங்கள், கணினியின் பின்புறத்தில் உள்ள போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள்.

அந்த வரி சரியாகத் தெரிந்தும் அச்சாகாத நிலையில்தான் டிரைவரை அடியோடு நீக்கிப் புதிதாக நிறுவ வேண்டும். பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுவே. பட்டியலிலிருந்து பிரிண்டரை 'ரிமூவ்' செய்வதால் அதன் பெயர் மட்டுமே போகிறது. டிரைவர் கணினியிலேயே தங்கி, அடுத்த முறை கேபிளைச் செருகியதும் அதே பழைய டிரைவர் சத்தமின்றி வந்து அமர்ந்துகொள்கிறது. எனவே பின்வரும் வரிசையில் செய்யுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, இரண்டு பெயர்களையும் நீக்குங்கள். தேடல் பெட்டியில் 'சர்வீசஸ்' என்று கொடுத்துத் திறந்து, 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை (அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பகுதியை) நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ் – சிஸ்டம்32 – ஸ்பூல் – பிரிண்டர்ஸ் என்ற கோப்புறைக்குள் தேங்கியிருக்கும் கோப்புகளை அழித்துவிட்டு, ஸ்பூலரை மீண்டும் தொடங்குங்கள். கோப்புறையை அழிக்கக் கூடாது, உள்ளிருப்பவற்றை மட்டுமே அழிக்க வேண்டும். பிறகு 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தின் அடிப்பகுதியில் உள்ள 'பிரிண்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸ்' வழியாக 'டிரைவர்ஸ்' தாவலுக்குச் சென்று, உங்கள் பிரிண்டரின் டிரைவரை, டிரைவர் பேக்கேஜுடன் சேர்த்து நீக்கும் வாய்ப்பைத் தேர்ந்து அகற்றுங்கள். 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்தால், ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கிய உடனே முயலுங்கள், இணங்கிவிடும்.

இப்போது தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய 64 பிட் டிரைவரை இறக்கி நிறுவுங்கள். நிறுவும் நிரல் 'கேபிளை இணைக்கவும்' என்று கேட்கும்வரை கேபிளைச் செருக வேண்டாம். தயாரிப்பாளர் தளத்தில் விண்டோஸ் 11 என்ற பெயரே இல்லாவிட்டாலும், விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவர் பெரும்பாலும் பொருந்திப் போகும். அதுவும் இல்லையென்றால், 'ஆட் மேனுவலி' வழியாகப் போர்ட்டை நீங்களே தேர்ந்தெடுத்து, டிரைவர் பட்டியல் வரும் திரையில் 'விண்டோஸ் அப்டேட்' பொத்தானை அழுத்துங்கள். பட்டியல் புதுப்பிக்கப்படச் சில நிமிடங்கள் ஆகும். கணினி உறைந்துவிட்டதோ என்று தோன்றும், பொறுத்திருங்கள். சிலர் பரிந்துரைக்கும், பழைய விண்டோஸ் போல நடிக்கும் 'கம்பாட்டிபிலிட்டி மோட்', நிறுவும் நிரல் செய்யும் பதிப்புச் சோதனையை ஏமாற்ற மட்டுமே உதவும்; டிரைவர் பொருந்தாவிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது.

இன்னொரு செய்தி. எச்.பி. லேசர்ஜெட் 1020, கேனான் எல்.பி.பி.2900 போன்ற, நம் ஊர் டி.டி.பி. மையங்களில் பரவலாகக் காணப்படும் மாடல்கள், பக்கத்தை வரையும் வேலை முழுவதையும் கணினியிடமே விட்டுவிடுபவை. லேசர்ஜெட் 1020 இன்னும் ஒரு படி மேலே போய், தன் உள்மென்பொருளையே ஒவ்வொரு முறை இயக்கும்போதும் டிரைவரிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. எனவே அந்தந்த மாடலுக்கென எழுதப்பட்ட டிரைவர் இல்லாமல் இவை வெறும் பெட்டிகளே, பல மாடல்களுக்கும் பொதுவான எச்.பி.யின் 'யுனிவர்சல்' டிரைவரைப் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அச்சு வரத் தொடங்கியதும் தாள் அளவைப் பாருங்கள். புதிய டிரைவர் பல நேரங்களில் 'லெட்டர்' அளவுடன் வரும். ஏ4-க்கு மாற்றாவிட்டால் அழைப்பிதழின் ஓரம் தவறும். 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' என்பதையும் அணைத்துவிடுங்கள். இல்லையேல் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரே முதன்மையானதாகிவிடும்; வாடிக்கையாளருக்காக ஒரு முறை பி.டி.எஃப். ஆக்கினால், அடுத்த வேலையும் பி.டி.எஃப். ஆகவே போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் உரக்கடையில் பழைய டாஸ் மென்பொருளில் பில் போட்டு, 80 காலம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்துக் கொடுத்துவந்தோம். பழைய கணினி பழுதாகிவிட்டதால் விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி வாங்கினோம். பிரிண்டரின் டிரைவரும் ஏறவில்லை, பில் மென்பொருளும் திறக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே காரணமா?
— உரக்கடை வாசகர், பாபநாசம்

பதில்: ஒரே காரணம்தான். விண்டோஸ் 10 வரை 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை இருந்தன. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட் விண்டோஸுக்காக எழுதிய பிரிண்டர் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. டாஸ் காலத்து 16 பிட் நிரல்களை இயக்கும் பகுதியும் 64 பிட் விண்டோஸில் இல்லை.

பிரிண்டரைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் எப்சனின் கட்டளைகளைப் புரிந்துகொள்பவை. எனவே எப்சன் 9 பின் டிரைவர் ஒன்றைத் தேர்ந்தாலே வேலை நடக்கும். 'ஜெனரிக் – டெக்ஸ்ட் ஒன்லி' என்ற டிரைவர் ஆங்கிலப் பில்லுக்கு மிக விரைவானது. ஆனால் அது எழுத்துகளின் குறியீட்டு எண்களை மட்டும் பிரிண்டருக்கு அனுப்புவதால் தமிழ் எழுத்துகள் அதில் வாரா. கடைப் பெயரைத் தமிழில் அச்சிட வேண்டுமென்றால் எப்சன் டிரைவரே தேவை. அது எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும், வேகம் குறையும்.

பில் மென்பொருளை, டாஸ் சூழலைப் போலச் செயல்படும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற நிரலுக்குள் இயக்கி, அதிலிருந்தே அச்சிடவும் முடியும். ஆயினும் கடையின் வரவு செலவு அதை நம்பியிருப்பதால், அதை ஒரு தற்காலிக ஏற்பாடாகக் கொண்டு, விண்டோஸில் இயங்கும் மென்பொருளுக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு கணினியில் பிரிண்டரை இணைத்து, மற்ற மூன்று கணினிகளிலும் பகிர்ந்து பயன்படுத்துகிறோம். மேம்படுத்தலுக்குப் பின் அந்த மூன்றிலும் 11பி என்று முடியும் பிழை எண்ணும், சில நேரம் 709 என்பதும் வருகின்றன. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கினால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். செய்யலாமா?
— அலுவலக எழுத்தர், நாகர்கோவில்

பதில்: செய்ய வேண்டாம். 2021 ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்த 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை, விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலர் வழியாக வெளியாள் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இடம் கொடுத்தது. அதையும் ஸ்பூலரின் வேறொரு ஓட்டையையும் அடைக்க வந்த திருத்தங்கள் பகிர்ந்த பிரிண்டர்களின் நடைமுறையையே மாற்றிவிட்டன: 2021 ஆகஸ்ட் முதல், நிர்வாகி உரிமை இல்லாதவர் பிணையம் வழியாக டிரைவர் நிறுவ முடியாது, அடுத்த மாதத் திருத்தம் இரு கணினிகளுக்கும் இடையிலான பேச்சைக் கட்டாயமாகப் பாதுகாத்தது. 11பி பிழை அப்போது பிறந்ததுதான். அந்த வீடியோ சொல்லும் வழி, அடைத்த ஓட்டையை மீண்டும் திறப்பதாகும். கட்சிக்காரர்களின் ஆவணங்கள் உள்ள அலுவலகத்துக்கு அது தகாது.

நான்கு கணினிகளிலும் எல்லா அப்டேட்டுகளையும் முழுமையாக முடியுங்கள். ஒன்று மட்டும் பின்தங்கியிருந்தாலே இப்பிழை வரக்கூடும். பிறகு மூன்று கணினிகளிலும், நிர்வாகியாக நுழைந்து, அந்தப் பிரிண்டரின் டிரைவரைத் தனித்தனியே நிறுவுங்கள். அதன்பின் 'லோக்கல் போர்ட்' ஒன்றை உருவாக்கி, அதன் பெயராக இரண்டு பின்சாய்வுக் கோடுகள், பிரிண்டர் உள்ள கணினியின் பெயர், மீண்டும் ஒரு பின்சாய்வுக் கோடு, பகிர்ந்த பிரிண்டரின் பெயர் என்று இடைவெளியின்றி எழுதிச் சேர்த்தால், டிரைவரைப் பிணையத்தில் இழுக்கும் தேவையே இல்லாமல் போகும். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை மறுக்கிறது. எனவே பிரிண்டர் உள்ள கணினியில் கடவுச்சொல்லுடன் ஒரு கணக்கை உருவாக்கி, அந்த விவரத்தை மற்ற மூன்றிலும் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் சேமித்துவிடுங்கள். பிரிண்டரில் லேன் போர்ட் (பிணையக் கேபிள் செருகும் இடம்) இருந்தால் இத்தனை பாடும் தேவையில்லை. நேரே ரூட்டரில் இணைத்து, மாறாத ஐ.பி. எண் (பிணைய முகவரி) கொடுத்து, டி.சி.பி./ஐ.பி. போர்ட் வழியாக ஒவ்வொரு கணினியிலும் சேருங்கள்.

கேள்வி: டிரைவரைத் தேடியபோது முதலில் வந்த தளத்தில் ஒரு மென்பொருள் கிடைத்தது. அது என் கணினியில் பல டிரைவர்கள் பழுது என்று சொல்லிப் பணம் கேட்கிறது. கட்டலாமா?
— கல்லூரி மாணவி, தேனி

பதில்: ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். பிரிண்டர் டிரைவரைத் தயாரிப்பாளர்கள் இலவசமாகவே தருகிறார்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். முகவரியைப் பார்த்த பிறகே அழுத்துங்கள். அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் முழுச் சோதனை ஒன்றை நடத்துங்கள். 'உதவி எண்' என்று ஏதேனும் காட்டியிருந்தால் அழைக்க வேண்டாம்.

கேள்வி: என் கணினியில் உள்ள உபுண்டு லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் என் எச்.பி. லேசர்ஜெட் 1020 அச்சிடவில்லை. பிரிண்டர் பட்டியலில் இருக்கிறது. வேலையும் முடிந்ததாகக் காட்டுகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: மேலே சொன்ன உள்மென்பொருள்தான் இங்கும் காரணமாக இருக்கக்கூடும். லினக்ஸில் எச்.பி. பிரிண்டர்களை இயக்கும் எச்.பி.லிப் என்ற தொகுப்புடன், எச்.பி. தனியே தரும் ப்ளகின் (துணை நிரல்) ஒன்றும் இந்த மாடலுக்குத் தேவை. உபுண்டு மேம்படும்போது எச்.பி.லிப் புதிய பதிப்புக்குப் போய்விடும். ப்ளகினோ பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். டெர்மினலில் எச்.பி.-ப்ளகின் கட்டளையைக் கொடுத்து, புதிய ப்ளகினை இறக்கிக்கொண்டு, பிரிண்டரை ஒரு முறை அணைத்து இயக்குங்கள்.

கேள்வி: இனி பழைய பிரிண்டர்களுக்கு விண்டோஸில் இடமே இருக்காது என்று கேள்விப்படுகிறேன். உண்மையா? புதிதாக வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும்?
— பள்ளி அலுவலர், திருக்கோவிலூர்

பதில்: பாதி உண்மை. தயாரிப்பாளர்களின் தனித்தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஏற்கெனவே நிறுவப்பட்ட டிரைவர்களைப் பிடுங்கி எறிவதாக அது சொல்லவில்லை. தயாரிப்பாளர் தளத்திலிருந்து நீங்களாக நிறுவவும் தடையில்லை. எனவே பள்ளியில் உள்ள பழைய பிரிண்டரின் டிரைவர் இப்போது கிடைக்கும்போதே இறக்கி, ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்திவிடுங்கள்.

24எச்2 பதிப்பில் 'விண்டோஸ் ப்ரொடெக்டெட் பிரிண்ட் மோட்' என்ற அமைப்பு வந்துள்ளது. இதை இயக்கினால், தயாரிப்பாளர்களின் டிரைவர்களை நம்பியுள்ள பிரிண்டர்கள் வேலை செய்யாமல் போகும். தனி டிரைவர் இன்றி அச்சிடும் பொதுத் தரத்துக்கான மோப்ரியா சான்று பெற்றவை மட்டும் இயங்கும். பாதுகாப்புக்கு நல்லதென்று யாரோ இயக்கிவைத்து, மறுநாள் அச்சு நின்றுபோனது என்ற கடிதங்களும் வருவதால், உங்கள் பிரிண்டர் திடீரென மறைந்தால் இதையும் பாருங்கள்.

புதிதாக வாங்கும்போது பெட்டியில் மோப்ரியா சான்றோ, ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வசதியோ குறிப்பிடப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். மோப்ரியா சான்று உள்ளவை தனி டிரைவர் இன்றியே விண்டோஸில் அச்சிடும்; இரண்டில் எது இருந்தாலும் பொதுவாக லினக்ஸில் அச்சிடும். விலை சற்றுக் கூடுதலானாலும் வைஃபையுடன் லேன் போர்ட்டும் உள்ளதாக வாங்குங்கள். பள்ளி அலுவலகத்தில் இரண்டாவது கணினி வரும் நாளில் பகிர்வுச் சிக்கல் எதுவும் இல்லாமல் நேரடியாக இணைத்துக்கொள்ளலாம்.