சைக்கிளிக் ஏஎம்பி உயராத புதிய வாங்கி: போர்ஸ்கோலினுடன் ஒருமுறை பாருங்கள்

ஆய்வுகூடத்தில் வளர்க்கும் ஹெக் 293 என்ற மனிதக் கலங்களில் ஒரு புதிய வாங்கியை (வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை ஏற்கும் கலப் புரதத்தை) ஏற்றி, அதைத் தூண்டும் பெப்தைட்டை (குறுகிய அமினோ அமிலச் சங்கிலியை) கொடுத்தும், கலத்தினுள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்கிளிக் ஏஎம்பி உயரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் மட்டும் வாங்கி வேலை செய்யவில்லை என்று முடிவெடுக்க வேண்டாம்.

அந்த வாங்கி, ஜிஐ எனும் அடக்கும் வகைப் புரதத்துடன் இணைந்து, சைக்கிளிக் ஏஎம்பியை உருவாக்கும் அடினைலைல் சைக்கிளேசு நொதியத்தைத் தூண்டாமல் அடக்குவதாக இருக்கலாம். ஓய்விலுள்ள கலங்களில் சைக்கிளிக் ஏஎம்பி ஏற்கெனவே மிகக் குறைவு. சித்திரை வெயிலில் அடிக்கு இறங்கிய கிணற்றில் இன்னொரு வாளி குறைந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாததைப் போல, மேலும் இறங்குவது அளவீட்டில் தெரியாது. அதனால் அந்த நொதியத்தை நேரடியாகத் தூண்டும் போர்ஸ்கோலினால் அளவை முதலில் உயர்த்தி, பிறகு இறக்கத்தைப் பாருங்கள்.

1. போர்ஸ்கோலினை 1 முதல் 10 மைக்ரோமோலர் வரை தனியே சோதித்து, உச்சத்தை எட்டாத ஒரு செறிவைத் தெரிவுசெய்து, அதனுடன் பெப்தைட்டைச் சேருங்கள்.

2. சைக்கிளிக் ஏஎம்பி அளவு இறங்கினால், ஜிஐ புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் பெர்ட்டூசிஸ் நச்சை முதல்நாள் இரவே சேர்த்து வைத்த கலங்களில் அதையே திரும்பச் செய்யுங்கள். இறக்கம் மறைந்தால் ஜிஐ இணைப்பே காரணம்.

யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் வந்ததால் பெப்தைட்டு கெட்டிருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். உறைந்துலர்ந்த தூளுக்கு அந்த ஓரிரவு பெரிதல்ல. கரைத்த பின் திரும்பத் திரும்ப உறையவைத்து இளக்குவதே கெடுதல்.

வாங்கியின் மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுவைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏ வளையம்) ஏற்றிய கலங்களையும் ஒப்பீட்டுக்காகக் கட்டாயம் அருகில் வையுங்கள், ஏனெனில் ஹெக் கலங்களுக்குச் சொந்த வாங்கிகள் பல உண்டு. இறக்கம் கிடைத்தாலும் ஆய்வுத் தலைப்பில் "மருந்து இலக்கு" என்று இப்போதே எழுதுவது அவசரம்: 1998இல் அறியப்பட்ட, விழிப்பைப் பேணும் ஓரெக்சின் வாங்கிகளைத் தடுக்கும் தூக்க மருந்தான சுவோரெக்சான்ட், அமெரிக்காவில் 2014இல்தான் அனுமதி பெற்றது.